பிட்டா ஏன் கட்சித் தலைமையை விட்டார்? தாய்லாந்துச் சட்டப் பிரிவுகள் போட்ட கணக்கு

2023 மே 14 அன்று தாய்லாந்தில் பொதுத்தேர்தல் நடந்தது. மூவ் ஃபார்வர்ட் கட்சி 151 இடங்களுடன் முதலிடம் பெற்றது. தொகுதி வேட்பாளருக்கு அல்லாமல் கட்சிக்கே போடும் கட்சிப் பட்டியல் வாக்குகளில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல் அதற்கே விழுந்தன. தலைநகர் பாங்காக்கின் 33 தொகுதிகளில் 32 அதன் கைக்கு வந்தன. நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 15 அன்று, கட்சித் தலைவர் பிட்டா லிம்ஜாரோன்ராட் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். தேர்தலில் முதலிடம் பெற்ற கட்சியின் தலைவர் எதற்காக விலக வேண்டும்?

தோல்விக்குப் பொறுப்பேற்று விலகினார், அரசியலை விட்டே ஒதுங்கினார், நீதிமன்றம் தண்டித்ததால் போனார் என்றெல்லாம் அப்போது பேசப்பட்டது. மூன்றும் தவறு. பிரதமர் பதவிக்கு அவர் போகும் வழியை முதலில் மூன்று தடைகள் அடைத்தன. அதன் பிறகு, எதிர்க்கட்சியாகவாவது முழு வலுவோடு இயங்க வேண்டும் என்றால் அவர் தலைமையை விட்டாக வேண்டும் என்ற நிலையை அரசியலமைப்பின் 106ஆம் பிரிவு உண்டாக்கியது. இவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் விலகல் புரியும்.

## பெரும்பான்மை என்றால் எத்தனை பேர்?

தாய்லாந்து நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள் உண்டு. பிரதிநிதிகள் சபையில் 500 பேர். 400 பேர் தொகுதிகளிலிருந்தும் 100 பேர் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். மேலவையான செனட்டில் அப்போது 250 பேர். நாடாளுமன்ற முறை உள்ள பெரும்பாலான நாடுகளில் மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் பெரும்பான்மையே பிரதமரை முடிவு செய்யும். அந்தக் கணக்கில் 251 போதும்.

2014 மே 22 அன்று ஜெனரல் பிரயுத் சான்-ஓ-சா தலைமையில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அந்த ஆட்சியின் கீழ் எழுதப்பட்ட அரசியலமைப்பு 2016 ஆகஸ்டில் பொது வாக்கெடுப்புக்கு வந்தது. கூடவே இன்னொரு கேள்வியும் வாக்குச்சீட்டில் இருந்தது: முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரதமரைத் தேர்வதில் செனட்டும் சேர்ந்து வாக்களிக்கலாமா? அரசியலமைப்புக்கு ஏறத்தாழ 61 விழுக்காட்டினரும் அந்தக் கூடுதல் கேள்விக்கு 58 விழுக்காட்டினரும் ஆம் என்றார்கள். எதிர்த்துப் பரப்புரை செய்தவர்களைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்யும் சட்டம் அமலில் இருந்தபோது நடந்த வாக்கெடுப்பு அது. மக்கள் மனமுவந்து தந்த ஒப்புதலாக அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கூடுதல் கேள்விதான் அரசியலமைப்பின் 272ஆம் பிரிவு ஆனது. அதன்படி இரு அவைகளும் கூட்டு அமர்வில் பிரதமரைத் தேர வேண்டும். இரு அவை உறுப்பினர்களின் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் வேண்டும். 250 செனட்டர்களையும் அமர்த்தியது ராணுவ ஆட்சிக் குழு. முப்படைத் தளபதிகள், காவல்துறைத் தலைவர் உள்ளிட்ட ஆறு பேர் பதவிவழி உறுப்பினர்கள்.

நடைமுறையில் இதன் விளைவு என்ன? ராணுவத்துக்கு வேண்டியவருக்கு 250 பேர் முன்கூட்டியே தயார். அவர் பிரதிநிதிகள் சபையில் 126 பேரைச் சேர்த்தால் போதும். ராணுவத்துக்கு வேண்டாதவரோ அதே சபையில் மட்டும் 376 பேரைத் திரட்ட வேண்டும், அதாவது நான்கில் மூன்று பங்கு. 2019இல் பிரயுத் 500 வாக்கு பெற்றுப் பிரதமரானபோது அதில் 249 செனட்டர்களின் வாக்குகள். அன்று எதிர்த்து நின்று 244 வாக்கு பெற்ற தனத்தோர்ன், மூவ் ஃபார்வர்டுக்கு முன்னோடியான ஃபியூச்சர் ஃபார்வர்ட் கட்சியின் தலைவர். ஊடகப் பங்கு வைத்திருந்ததாக அதே ஆண்டு நவம்பரில் அவருடைய உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் கட்சியே கலைக்கப்பட்டது. தலைவரிடம் கட்சி கடன் வாங்கியது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எஞ்சிய உறுப்பினர்கள் மூவ் ஃபார்வர்டுக்கு மாற, பிட்டா அதன் தலைவரானார்.

## முதல் தடை: ஜூலை 13 வாக்கெடுப்பு

தேர்தலுக்குப் பிறகு மூவ் ஃபார்வர்ட் எட்டுக் கட்சிகளின் கூட்டணியை அமைத்தது. இரண்டாம் இடம் பிடித்த பியூ தாய் கட்சிக்கு 141 இடங்கள். எல்லாம் சேர்த்து 312. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த அதே மே 22 அன்று உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள்.

ஜூலை 13 அன்று கூட்டு அமர்வில் முன்மொழியப்பட்ட ஒரே பெயர் பிட்டா. ஒரு செனட்டர் அதற்கு முன் பதவி விலகியிருந்ததால் மொத்த உறுப்பினர்கள் 749; தேவை 375. முடிவு இப்படி:

1. ஆதரவு 324. இதில் கூட்டணியின் பிரதிநிதிகள் 311 பேர், செனட்டர்கள் 13 பேர். கூட்டணியின் 312ஆவது ஆளான சபாநாயகர் வான் நூர் நடுநிலை வகித்தார்.
2. எதிர்ப்பு 182. இதில் செனட்டர்கள் 34 பேர்.
3. நடுநிலை 199. இதில் செனட்டர்கள் 159 பேர்.
4. மீதி 43 செனட்டர்கள் வரவே இல்லை.

எதிர்ப்பைவிட ஆதரவு 142 அதிகம். ஆனாலும் அவர் தோற்றார். வந்திருப்போரில் யாருக்கு அதிகம் என்பதைப் பார்க்காமல் மொத்த உறுப்பினர்களில் பாதியைக் கேட்கும் வாக்கெடுப்பில், நடுநிலைக்கும் வராமல் இருப்பதற்கும் எதிர்ப்புக்கும் ஒரே பலன்தான். எதிர்ப்பு என்று வாயால் சொல்லாமலே 202 செனட்டர்களால் ஒருவரைத் தடுக்க முடிந்தது இதனால்தான். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு, தங்கள் முடிவின் பெயரைக்கூடச் சொல்லாமல் தப்பிக்கும் வசதியையும் சட்டமே தந்திருந்தது.

செனட்டர்கள் வெளிப்படையாகச் சொன்ன காரணம் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு. மன்னர், அரசி, பட்டத்து வாரிசு, மன்னர் பொறுப்பாளர் ஆகியோரை அவமதித்தால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை என்கிறது அது. யார் வேண்டுமானாலும் யார் மீதும் புகார் கொடுக்கலாம். இந்தப் பிரிவை நீக்க வேண்டும் என்று மூவ் ஃபார்வர்ட் கேட்கவில்லை. தண்டனையைக் குறைத்து, புகார் தரும் உரிமையை அரண்மனை அலுவலகத்துக்கு மட்டும் தரும் திருத்தத்தைத்தான் கேட்டது. கட்டாய ராணுவச் சேவையை முடிவுக்குக் கொண்டுவருவது, மதுத் தொழில் போன்றவற்றில் சில நிறுவனங்களின் ஏகபோகத்தை உடைப்பது, மாகாண ஆளுநர்களை மக்களே தேர்வது ஆகியவையும் அதன் திட்டத்தில் இருந்தன. இவற்றால் யாருடைய பிடி தளரும் என்று பார்த்தால், எதிர்ப்பு ஒரு பிரிவோடு நின்றிருக்கும் என்று நம்புவது கடினம்.

## இரண்டாம் தடை: 42,000 பங்குகள்

ஊடகத் தொழிலில் பங்கு வைத்திருப்பவர் வேட்பாளராக நிற்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 98(3). பிட்டாவின் பெயரில் ஐடிவி நிறுவனத்தின் 42,000 பங்குகள் இருந்தன. தந்தை விட்டுச்சென்றவை, அவற்றைத் தாம் சொத்தின் நிர்வாகியாகவே வைத்திருந்ததாக அவர் சொன்னார். நிறுவனத்தின் மொத்தப் பங்குகளோ 120 கோடிக்கும் மேல். அவருடைய பங்கு 0.0035 விழுக்காடு. ஐடிவி தொலைக்காட்சி 2007இலேயே ஒளிபரப்பை நிறுத்திவிட்டது.

வழக்கு எப்படி நகர்ந்தது என்பதில் காலம்தான் முக்கியம். ஜூலை 12 அன்று, பிரதமர் வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், தேர்தல் ஆணையம் விவகாரத்தை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ஜூலை 19 அன்று நீதிமன்றம் வழக்கை ஏற்று, 7க்கு 2 என்ற கணக்கில், தீர்ப்பு வரும்வரை அவர் உறுப்பினராகச் செயல்படக் கூடாது என்று ஆணையிட்டது. அவையில் இருந்தபோதே ஆணை வந்தது; அவர் எழுந்து வெளியேறினார்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடைநிறுத்தம் வேறு, பதவி பறிப்பு வேறு. இடைநிறுத்தப்பட்டவர் உறுப்பினராகவே இருக்கிறார். ஆனால் அவையில் அமரவோ பேசவோ வாக்களிக்கவோ முடியாது. தாய்லாந்தில் பிரதமராவதற்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்பதால், இந்த ஆணை பிரதமர் வேட்பாளர் தகுதியைத் தொடவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கோ அந்த உறுப்பினர் பணி கட்டாயம். பின்னால் அடித்தது அதுதான்.

## மூன்றாம் தடை: விதி 41

அதே ஜூலை 19 அன்று கூட்டணி பிட்டாவின் பெயரை மீண்டும் முன்மொழிய முயன்றது. தள்ளுபடியான ஒரு தீர்மானத்தை, சூழ்நிலை மாறியதாக நாடாளுமன்றத் தலைவர் அனுமதித்தால் ஒழிய, அதே கூட்டத்தொடரில் மீண்டும் கொண்டுவரக் கூடாது என்பது நாடாளுமன்றக் கூட்ட நடைமுறையின் விதி 41. பிரதமர் பெயரை முன்மொழிவது சாதாரணத் தீர்மானமா, அரசியலமைப்பே தனி வழி வகுத்துத் தந்த வேறொரு செயலா? அரசியலமைப்பில் மறுமுன்மொழிவுக்குத் தடை இல்லை. ஆனால் 395க்கு 312 என்ற வாக்கில் அவை அதைச் சாதாரணத் தீர்மானமாகவே கருதியது. அரசியலமைப்பு தந்த உரிமையை அவை நடைமுறை விதி ஒன்று அடைத்துவிட்டது. இந்தத் தொடர்கதையில் சட்ட அடிப்படை மிகவும் பலவீனமான கட்டம் இதுவே என்பது என் கணிப்பு. குறைதீர்ப்பாளர் வழியாக இது அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. முறையிட்டவர்களின் உரிமை நேரடியாகப் பாதிக்கப்படவில்லை என்று ஆகஸ்ட் 16 அன்று மனு ஏற்கப்படாமல் போயிற்று.

வேறொருவரை நிறுத்தியிருக்கலாமே என்ற கேள்வி எழும். முடியாது. 88ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கட்சியும் தேர்தலுக்கு முன்பே மூன்று பேர் வரை பிரதமர் வேட்பாளர்களின் பெயரைத் தரலாம். அந்தப் பட்டியலுக்குள்தான் பிறகு தேர முடியும். பட்டியலுக்கு வெளியே ஆள் தேட, இரு அவைகளும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அந்த நிபந்தனையைத் தளர்த்த வேண்டும். மூவ் ஃபார்வர்ட் தந்தது பிட்டா என்ற ஒரே பெயர். பியூ தாய் மூன்று பெயர்களைத் தந்திருந்தது. இத்தனை வழக்குகளுக்கு நடுவில் ஒரே பெயரோடு நின்றது மூவ் ஃபார்வர்டின் பெரிய பிழை. அதன் முன்னோடிக் கட்சிக்கு 2019இல் நேர்ந்ததைப் பார்த்த பிறகும் மாற்று ஏற்பாடு செய்யாதது வியப்பு.

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. ஜூலை 21 அன்று அரசமைக்கும் முயற்சியைப் பியூ தாயிடம் விட்டார்கள். ஆகஸ்ட் 2 அன்று அக்கட்சி மூவ் ஃபார்வர்டைக் கழற்றிவிட்டு, ராணுவத்தோடு நெருக்கமான கட்சிகளைச் சேர்த்துக்கொண்டது. ஆகஸ்ட் 22 அன்று அதன் வேட்பாளர் ஸ்ரேத்தா தவிசின் 482 வாக்குகளோடு பிரதமரானார். அதே நாள் காலையில், பியூ தாயின் பின்னணியில் இருந்த முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவாத்ரா 15 ஆண்டு வெளிநாட்டு வாழ்வை முடித்து நாடு திரும்பினார்.

## விலகலைக் கட்டாயமாக்கிய 106ஆம் பிரிவு

செப்டம்பர் 11 அன்று புதிய அரசு தன் கொள்கை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. அமைச்சரவை ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் 106ஆம் பிரிவு உயிர்பெறுகிறது. எதிர்க்கட்சித் தலைவராக மன்னர் அமர்த்தும் நபருக்கு அது வைக்கும் நிபந்தனைகள்:

1. அவர் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருக்க வேண்டும்.
2. ஒரு கட்சியின் தலைவராக இருக்க வேண்டும். கட்சி வேறு ஒருவரை அவைக்கு நியமித்து அனுப்ப முடியாது.
3. அந்தக் கட்சியில் யாரும் அமைச்சராக இருக்கக் கூடாது.
4. சபாநாயகரோ துணைச் சபாநாயகரோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது.
5. இந்தத் தகுதியுள்ள கட்சிகளில் அதிக உறுப்பினர்கள் கொண்டது அவருடைய கட்சியாக இருக்க வேண்டும்.

பிட்டா முதல் நிபந்தனையில் சிக்கினார். பெயருக்கு உறுப்பினர், ஆனால் அவைக்குள் நுழைய முடியாது. தீர்ப்பு எப்போது வரும் என்று தெரியாது. அவர் தலைவராகத் தொடர்ந்தால் 106இன்படி வேறு யாரும் அந்த இடத்துக்கு வர முடியாது. கட்சித் தலைமையும் அவையில் இருக்கும் ஒருவரிடமே இருந்தாக வேண்டும் என்பதால், தலைமையைக் கைமாற்றுவது ஒன்றே வழி. அரசு கொள்கை அறிக்கை வைத்த நான்காம் நாள் அவர் விலகல் அறிவிப்பு வந்தது. எதிர்க்கட்சித் தலைவரின் பணி முக்கியம், அதை அவையில் இருப்பவர் செய்ய வேண்டும் என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

செப்டம்பர் 23 அன்று பொதுச் செயலாளர் சாய்தவத் துலாதோன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிட்டா ஆலோசகர் குழுத் தலைவரானார். உறுப்பினர் பதவியை அவர் துறக்கவில்லை.

## நான்காம் நிபந்தனையில் வந்த சிக்கல்

தலைவரை மாற்றியதோடு வேலை முடியவில்லை. கட்சியின் படிபட் சந்திபாதா ஜூலையிலேயே முதலாம் துணைச் சபாநாயகர் ஆகியிருந்தார். மூவ் ஃபார்வர்ட் ஆளுங்கட்சியாகும் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் கிடைத்த பதவி அது. எதிர்க்கட்சி ஆனதும் அதுவே முட்டுக்கட்டை. அவர் கட்சியில் தொடரும்வரை எதிர்க்கட்சித் தலைவர் பதவி, எதிர்வரிசையில் அடுத்து நின்ற, வெறும் 25 உறுப்பினர் கொண்ட ஜனநாயகக் கட்சிப் பக்கம் போகக்கூடும்.

அவர் துணைச் சபாநாயகர் பதவியை விடலாம். அவை நடவடிக்கைகளில் கையிலிருந்த ஒரே பிடியும் போகும். கட்சியிலிருந்து தானே விலகலாம். 101(8)இன்படி உறுப்பினர் பதவியே பறிபோகும். ஆனால் கட்சி அவரை நீக்கினால் கதை வேறு. நிர்வாகக் குழுவும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கூடி நான்கில் மூன்று பங்கு வாக்கால் நீக்கியவர், 30 நாளுக்குள் வேறு கட்சியில் சேர்ந்தால் உறுப்பினர் பதவி நிலைக்கும் என்கிறது 101(9).

செப்டம்பர் 28 அன்று கட்சி அவரை நீக்கியது. அவர் ஃபேர் என்ற சிறு கட்சியில் சேர்ந்து துணைச் சபாநாயகராகத் தொடர்ந்தார். சட்டப்படி இதில் குற்றம் காண முடியாது. ஆனால் நேர்மையான அரசியல் என்று சொல்லி வாக்கு கேட்ட கட்சி, எந்தத் தவறும் செய்யாத ஒருவரை ஏற்பாட்டின் பேரில் நீக்கியதை ஆதரவாளர்கள் பலரே விரும்பவில்லை. அந்த வருத்தம் நியாயமானது. டிசம்பரில்தான் சாய்தவத் முறைப்படி எதிர்க்கட்சித் தலைவராக அமர்த்தப்பட்டார்.

## அந்தப் பதவிக்காக இவ்வளவு ஏன்?

பேச்சில் முன்னுரிமை, தனி அறை போன்ற மரியாதைகளைத் தாண்டி அந்தப் பதவிக்கு இரண்டு கனமான அதிகாரங்கள் உண்டு. நாட்டின் பாதுகாப்பு அல்லது பொருளாதாரத்தில் பெரிய சிக்கல் என்றால், 155ஆம் பிரிவின்படி இரு அவைகளின் மூடிய அறை விவாதத்தைக் கேட்கும் உரிமை எதிர்க்கட்சித் தலைவருக்கு இருக்கிறது. இன்னொன்று இதைவிடப் பெரிது: அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைத் தேரும் குழுவில், 203ஆம் பிரிவின்படி, உச்ச நீதிமன்றத் தலைவர், சபாநாயகர், நிர்வாக உச்ச நீதிமன்றத் தலைவர் ஆகியோரோடு எதிர்க்கட்சித் தலைவரும் உட்காருகிறார். தேர்தல் ஆணையம் போன்ற சுயேச்சை அமைப்புகளுக்கு ஆள் தேர்வதும் இதே வகைக் குழுதான். எதிர்க்கட்சித் தலைவர் இல்லாவிட்டால், இருப்பவர்களைக் கொண்டே குழு வேலையைத் தொடரலாம்.

கட்சிகளைக் கலைப்பதும் உறுப்பினர்களை இடைநிறுத்துவதும் பிரதமர்களை நீக்குவதும் அந்த நீதிமன்றத்தின் கையில். அதன் நீதிபதிகளைத் தேரும் மேசையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடப்பதைச் சீர்திருத்தக் கட்சி ஒன்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? தேர்வுக் குழு முன்மொழியும் பெயர்களை ஏற்பதா மறுப்பதா என்பது செனட்டின் கையில் என்பதால், ஒரு நாற்காலியால் முடிவை மாற்ற முடியாது. ஆனால் எதிர்ப்பைப் பதிவு செய்யலாம்.

## விலகல் எதைக் காத்தது, எதைக் காக்கவில்லை

2024 ஜனவரி 24 அன்று நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் பிட்டாவை விடுவித்தது. பங்குகள் அவருடையவைதாம், ஆனால் வேட்புமனு தந்த நாளில் ஐடிவி ஊடகத் தொழில் நடத்தவே இல்லை என்றது தீர்ப்பு. ஒளிபரப்பு 2007இலேயே நின்றது ஊரறிந்த செய்தி. அதை உறுதிப்படுத்த நீதிமன்றத்துக்கு ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்துக்குள் அரசு அமைந்து, கூட்டணி உடைந்து, தலைமையும் கைமாறி முடிந்திருந்தது. இடைநிறுத்த ஆணையின் உண்மையான வலிமை இதில்தான் இருக்கிறது. கடைசித் தீர்ப்பு எப்படி வந்தாலும் இடைப்பட்ட காலத்தில் போனது திரும்பாது.

அவர் அவைக்குத் திரும்பினார். ஒரு வாரத்தில், ஜனவரி 31 அன்று, 112ஆம் பிரிவைத் திருத்துவோம் என்ற பரப்புரையே அரசியலமைப்பின் 49ஆம் பிரிவுக்கு விரோதம், ஆட்சிமுறையைக் கவிழ்க்கும் முயற்சி என்று அதே நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வைத்துத் தேர்தல் ஆணையம் கலைப்பு வழக்குப் போட்டது. 2024 ஆகஸ்ட் 7 அன்று மூவ் ஃபார்வர்ட் கலைக்கப்பட்டது.

கட்சியைக் கலைக்கும்போது அதன் நிர்வாகிகள் 10 ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்க முடியாது. 2021 மார்ச் 25 முதல் 2024 ஜனவரி 31 வரை நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் என்று நீதிமன்றம் காலவரம்பு வைத்தது. பிட்டா விலகியது அதற்கு நடுவே. ஆகவே விலகிய தலைவர், அவருக்குப் பின் வந்த சாய்தவத், கட்சி நீக்கிய படிபட் என்று மூவரும் தடைசெய்யப்பட்ட 11 பேரில் அடங்கினார்கள். படிபட்டுக்குத் துணைச் சபாநாயகர் பதவியும் போனது. எதைக் காக்க அவரை நீக்கினார்களோ அதுவும் பதினொரு மாதம்கூட நிலைக்கவில்லை.

எஞ்சிய 143 உறுப்பினர்கள் இரண்டு நாளில் மக்கள் கட்சி என்ற புதிய பெயரில் கூடினார்கள். நத்தாபோங் ருவெங்பன்யாவுட் தலைவரானார். பிரதமரைத் தேரும் செனட்டின் அதிகாரம் 2024 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பிட்டாவுக்குப் பத்து மாதம் காத்திருக்க முடிந்திருந்தால் 311 வாக்கே போதுமாக இருந்திருக்கும். புதிய செனட்டில் 200 பேர். தொழில்வாரிக் குழுக்களில் வேட்பாளர்களே ஒருவரை ஒருவர் தேர்ந்து வந்தவர்கள். பிரதமர் வாக்கு அவர்களுக்கு இல்லாவிட்டாலும், நீதிபதிகளுக்கு ஒப்புதல் தருவதும் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறுத்துவதும் அவர்கள் கையில்தான். 256ஆம் பிரிவின்படி செனட்டர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆதரிக்காமல் ஒரு வரியையும் திருத்த முடியாது. அதாவது 67 பேர் வேண்டும். பிட்டாவுக்கான தடை 2034 ஆகஸ்ட் வரை.